பக்கக் கதவு

எங்கள் ரயில் நிலையம் தரையில் இல்லை. தூண்களின் மேல், நான்காவது மாடி உயரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி அறுபத்திரண்டு கட்டடங்கள், ஒவ்வொன்றும் நாற்பது மாடி. இந்தப் புதுநகரத்துக்குத் திட்டம் போட்டவர்கள் எல்லாருக்கும் படுக்கையறை வைத்தார்கள், பால்கனி வைத்தார்கள். அத்தனை பேரும் காலையில் ஒரே நேரத்தில் வேலைக்குக் கிளம்புவார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். அந்த மறதியைச் சமாளிக்கத்தான் என்னை மாதிரி ஆட்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

என் வேலை படிக்கட்டின் அடியில் இருக்கும் இரும்புக் கதவு. மேலே நடைமேடை நிரம்பியதும் வாக்கிடாக்கியில் நிறுத்து என்பார்கள், இழுத்துச் சாத்துவேன். ரயில் வந்து கூட்டத்தை அள்ளிக்கொண்டு போனதும் விடு என்பார்கள், திறப்பேன். காலை ஏழிலிருந்து பத்து வரை இதுதான். சாத்தியிருக்கும் நேரமெல்லாம் ஆயிரம் பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களில் என் அம்மாவை இழுக்காமல் திட்டுகிறவர்கள் மரியாதைக்காரர்கள்.

பெரிய கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சின்னக் கதவு உண்டு. முதலுதவி அறை மேலே இருப்பதால், உடம்பு முடியாதவர்களை மட்டும் அதன் வழியாக விடலாம். இது ஊருக்குத் தெரிந்ததும் ஊருக்கே உடம்பு முடியாமல் போயிற்று. தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல். ஒரே வாரத்தில் இரண்டு முறை மனைவிக்குப் பிரசவ வலி வந்தவரும் இருந்தார். மனைவியைக் கூட்டிக்கொண்டு வரத்தான் மறந்துவிட்டார். பொய் வலியைப் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு இரண்டே வருடத்தில் கர்வம் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். ரயில் பாதையின் மறுகோடியில் ஒரு சரக்குக் கிடங்கில் அவருக்கு வேலை. எட்டு ஐம்பதுக்குள் இயந்திரத்தில் விரல் வைக்க வேண்டும். மாதத்தில் மூன்று நாள் பொறுப்பார்கள், நான்காம் நாள் பிந்தினால் அப்படியே திரும்பிப் போகச் சொல்லிவிடுவார்கள். நான் விடியும் முன்பே கிளம்பிவிடுவதால் பாப்பாவைக் காப்பகத்தில் விடுவது அவர் பொறுப்பு. காப்பகம் ஏழே முக்காலுக்குத்தான் திறக்கும்.

சொந்தக்காரர்களைச் சும்மா உள்ளே விட முடியாது. கொழுந்தனை விட்ட ஒருத்தியைக் கேமராவில் பார்த்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். அதனால் கேமராவுக்காக ஓர் ஏற்பாடு செய்தோம். அவர் வலது ஓரமாக முன்வரிசைக்கு வந்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்பார். நான் யாரோ எவரோ என்பதுபோலப் பதறிச் சின்னக் கதவைத் திறப்பேன். முதல் நாள் சிரித்துத் தொலைத்தார். நெஞ்சு வலிக்கிறவன் பல்லைக் காட்டுவானா என்று வீட்டில் பிடிபிடியென்று பிடித்தேன். அப்புறம் தேறிவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு ரயில்கள் ரத்தாகிவிட்டன. கூட்டம் பேருந்து நிறுத்தம் வரை நின்றது. போதாக்குறைக்கு என் தோளை ஒட்டி மேற்பார்வையாளர். கண்கொத்தி என்று பட்டப்பெயரைச் சொன்னால்தான் எங்களுக்கெல்லாம் ஆளைத் தெரியும். சின்னக் கதவு அதிகம் திறக்கிறது என்று மேலிடத்தில் கேட்டார்களாம், இனிமேல் தன்னைக் கேட்டுத்தான் திறக்க வேண்டும் என்றார். என் வீட்டுக்காரரின் முகம் அவருக்கு நன்றாகவே தெரியும்.

எட்டு ஐந்துக்கு வலது ஓரத்தில் என் வீட்டுக்காரர் தலை தெரிந்தது. அந்த மாதம் மூன்று நாள் ஏற்கனவே பிந்தியிருந்தார். முண்டியடித்துக் கம்பிவரை வந்து நெஞ்சில் கை வைத்தார். முகமெல்லாம் வேர்வை. அந்தக் கூட்டத்தில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை? இன்றைக்கு நடிப்பு பிரமாதம் என்றுதான் நினைத்தேன். கண்ணால் கண்கொத்தியின் பக்கம் காட்டி, வேண்டாம் என்று லேசாகத் தலையாட்டினேன்.

அவர் கண்கொத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நெஞ்சிலிருந்து கையை எடுத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

எட்டு பதினாறுக்குத்தான் விடு என்று வந்தது. கதவைத் திறந்ததும் கூட்டம் பாய்ந்தது. அவர் மட்டும் பாயவில்லை. எல்லாரும் அவரைச் சுற்றிக்கொண்டு ஓட, கம்பியைப் பிடித்தபடியே மெல்லக் கீழே உட்கார்ந்தார். கதவை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மேலேயிருந்து நர்ஸ் அத்தனை பேருக்கும் எதிரே படியிறங்கி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பத்தாம் நாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஓர் அம்மா, தன்மையானவர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கண்கொத்தி கேமராப் பதிவை ஓட்டினார். என் வீட்டுக்காரர் வருகிறார், நெஞ்சில் கை வைக்கிறார், மூன்று நொடியில் கையை எடுத்துவிடுகிறார். அப்புறம் பதினோரு நிமிடம் சும்மா நிற்கிறார். பதினோரு நிமிடம் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. நான் விதிப்படிதான் நின்றேன் என்று கண்கொத்தி எனக்காகப் பரிந்து பேசினார். பயணி உதவி கேட்டுத் தொடர்ந்து சைகை எதுவும் காட்டவில்லை, பணியாளர்மேல் தவறில்லை என்று அறிக்கை தயாராக இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"கையை எடுக்கச் சொன்னது நான்தான் மேடம்."

அதிகாரி பதிவைப் பின்னுக்கு ஓட்டி இன்னொரு முறை பார்த்தார்.

"இதுல உங்க முதுகுதாம்மா தெரியுது."

"தலையாட்டினேன். எப்பவும்போல நடிக்கிறார்னு நினைச்சேன்."

கண்கொத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி பேனாவை மூடினார், மறுபடி திறந்தார்.

"எப்பவும்போலன்னா அதையும் நான் எழுதணும். எழுதினா வேலை இருக்காது. குழந்தைக்கு என்ன வயசு?"

"மூணு."

அதிகாரி அறிக்கைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

அந்த மனுஷனுக்கு நெஞ்சு வெடித்துக்கொண்டிருந்தது. அப்போதும் என் வேலை போய்விடக்கூடாதென்று கையை எடுத்திருக்கிறார். நான் உண்மையைச் சொன்னால் அவர் செய்தது வீண். சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை. பாப்பா காப்பகத்தில் இருந்தாள், கூட்டிவர ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் ஏழு மணிக்கு இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிறுத்து என்றார்கள், சாத்தினேன்.