இருவரிடம் இருந்த சாவி

கொழுந்தனின் சாவியை முடக்கும்போது அவள் ஒரு கணமும் தயங்கவில்லை. அதுதான் அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்து வால் மாதிரி நீளும் ஒரு சரம். அது இருந்தால்தான் கம்பெனியின் கிடங்கில் எதையும் ஏற்ற முடியும். கிடங்கும் செங்கல் கட்டடம் இல்லை. மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்தா எழுதுகிறார்கள்? ஏற்கனவே எழுதிக் கட்டிவைத்த சின்னச் சின்ன பேக்கேஜ்களை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். உலகத்துக்கே பொதுவான சந்தை ஒன்று இதற்கு உண்டு. யாரும் வைக்கலாம், யாரும் எடுக்கலாம். கம்பெனியின் சொந்தச் சரக்கை அங்கே வைக்க முடியாதே. அதற்காகக் கிளவுடில், அதாவது இணையத்தில் வாடகைக்கு எடுத்த இடத்தில், ரெஜிஸ்ட்ரி என்கிற இந்தக் கிடங்கைத் தனியாக அமைத்து, ஒவ்வொரு குழுவையும் கெஞ்சியும் மிரட்டியும் அதற்குள் கொண்டுவந்தது அவள்தான். ஆபீசில் எல்லோருக்கும் அவள் ஸ்டோர்க்காரி. மாமியாரோ அதை அப்படியே நம்பிவிட்டார். "மூட்டையெல்லாம் நீயா தூக்குற? ஆள் கீள் இருக்காங்களா?" என்று ஒருமுறை கவலையோடு கேட்டார். கூட ஒரு ஆள் வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, வேலை தேடி அலைந்துகொண்டிருந்த கொழுந்தனை அவள்தான் சிபாரிசு செய்தாள்.

முந்தின நாள் மதியம் விவகாரம் வெடித்தது. தேதிகளை ஒரே மாதிரி காட்டுவதற்கென்று உள்ளுக்குள் எழுதிய ஒரு பேக்கேஜ். யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத சாது. அதன் பதிப்பு எண் இரண்டு, மூன்று என்று நகர்ந்துகொண்டிருந்தது, திடீரென்று தொண்ணூற்றொன்பதுக்குத் தாவியிருந்தது. எல்லாக் குழுக்களின் மென்பொருளும் புதியது வந்திருக்கிறதென்று அதை இழுத்துப் போட்டுக்கொண்டன. பிரித்துப் பார்த்தால் தேதிக்கான வரிகளுக்கு நடுவே வேண்டாத ஒரு வரி. கம்பெனிக் கணினிகளின் பெயர்களை யாரோ முகம் தெரியாதவனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஏற்றும் சாவி இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. அவள் ஏற்றவில்லை.

அப்புறம் கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியாகவே தெரிந்தது. வாய் ஓயாமல் பேசுகிற கொழுந்தன் வீட்டில் இரவுச் சாப்பாட்டில் ஊமையாக இருந்தான். தட்டில் பாதி அப்படியே இருக்க எழுந்துவிட்டான்.

"ஏன்ப்பா, போதுமா?"

"பசிக்கல அண்ணி."

"ஆபீஸ்ல நடந்ததை நினைச்சிட்டிருக்கியா?"

அவன் குழாயடியில் கை கழுவிக்கொண்டே இருந்தான். "அதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா?"

என்ன பதில் இது? படுத்த பிறகும் அவள் அதையே மென்றுகொண்டிருந்தாள். சோறு போட்ட கைக்கா இவன் குழி பறிக்கிறான்? காலையில் சேர்ந்துதான் பஸ் ஏறுவார்கள். இன்று அவள் எழுந்து வருவதற்குள் அவன் போய்விட்டிருந்தான். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆபீசுக்குள் நுழைந்ததும் நேராக மேனேஜரிடம் போனாள்.

"ரெண்டு பேர்கிட்டதான் சார் சாவி இருக்கு. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

மேனேஜர் பேனாவை உருட்டினார். "உங்க வீட்டுப் பையன்மா அவன்."

"அதுக்காக மறைக்க முடியுமா சார்?"

சொல்லும்போது ஒரு நிமிர்வு வந்தது உண்மைதான். மதியம் அவனை விசாரிப்பதாக மேனேஜர் சொன்னார். தப்பு உறுதியானால் வேலை போகும். போகிற இடத்துக்கெல்லாம் அந்தக் கறையும் கூடவே போகும். அது தெரிந்தேதான் அவள் இருக்கைக்கு வந்து அவன் சாவியை முடக்கினாள். தொண்ணூற்றொன்பதாம் பதிப்பை அழித்தாள். தேநீர் குடித்தாள்.

மதியம் கொழுந்தன் மேனேஜர் அறைக்குள் போவதைத் தன் இடத்திலிருந்தே பார்த்தாள். அவன் இவள் பக்கம் திரும்பவில்லை. கிடங்கை ஒருமுறை சரிபார்த்துவிடலாமென்று திரையைத் திறந்தாள். அழித்த பதிப்பு அதே இடத்தில் மறுபடி உட்கார்ந்திருந்தது.

அவளுக்குப் பகீரென்றது. அவன் சாவிதான் செத்துக் கிடக்கிறதே, யார் ஏற்றினார்கள்? அப்போதுதான், முதலிலேயே பார்த்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு சரக்குக்கும் பக்கத்தில் அது வந்த வழி குறித்திருக்கும். இது யாரும் ஏற்றியதே இல்லை. கிடங்கு தானாகவே வெளிச் சந்தைக்குப் போய் வாங்கி வந்து, ஒரு பிரதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தது. எவனோ உள்ளே இருக்கும் பெயரை எங்கோ மோப்பம் பிடித்து, அதே பெயரில் வெளியே ஒன்றைச் செய்து, பெரிய எண்ணைக் குத்திவிட்டிருக்கிறான். எண் பெரியதாக இருந்தால் அதுதான் புதியது என்று இந்த இயந்திரங்கள் நம்பிவிடும். கிடங்கை ஆரம்பித்த நாட்களில், பொதுச் சரக்கு கிடைக்கவில்லை என்று குழுக்கள் பிடுங்கி எடுத்ததால், எந்தப் பெயர் கேட்டாலும் வெளியிலும் தேடு என்று திறந்து வைத்தவள் அவள்தான். உள் பெயர்களுக்கு மட்டுமாவது அந்த வழியை அடைக்க வேண்டும் என்று நினைத்தாள், மறந்தே போனாள்.

இப்போது அடைத்தாள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள்.

அறைக் கதவு முழுசாகச் சாத்தியிருக்கவில்லை.

"வெளியில தேடுறதைத் திறந்து விட்டது நான்தான் சார்," என்று கொழுந்தன் சொல்லிக்கொண்டிருந்தான். "நேத்து சாயங்காலமே பார்த்துட்டேன். சொல்ல பயமா இருந்துச்சு. அண்ணிக்கு இதுல சம்பந்தமே இல்ல."

அவள் உறைந்து நின்றாள். கிடங்கில் அந்த வழியைத் திறந்தபோது இவன் இந்தக் கம்பெனியிலேயே இல்லையே! நேற்றே தெரிந்திருக்கிறது. அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்திருக்கிறான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்துக்குள்ளும் ஒரு குரல் கேட்டது: நிஜமாகவே என்னைக் காப்பாற்றுகிறானா, இல்லை, நான் போட்டுக்கொடுத்தது தெரிந்து, பழியைத் தானே சுமந்து என்னைக் குத்திக்காட்டுகிறானா? தன் மனசை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "வாங்கம்மா. தம்பி எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான்."

"சார், ஒரு நிமிஷம், திறந்து விட்டது யாருன்னு இதுல இருக்கு, பாருங்க."

கணினியை மேசையில் வைத்துத் திரையை மேனேஜர் பக்கம் திருப்பப் போனாள். கொழுந்தன் அவள் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டி அதன் மூடியை மெதுவாக அழுத்தினான். அவள் விடவில்லை. பாதி மூடிய கணினியின் வெளிச்சம், மேலிருந்து அவனும் கீழிருந்து அவளுமாகப் பிடித்திருந்த விரல்களின் மேல் விழுந்தது.