வெளிவராத லென்ஸ்

ஜப்பானின் சுவா ஏரியில் அன்னங்கள் வந்து இறங்கும் மாதங்களில், மோமோசேயும் உஷியாமாவும் காலையில் கேமராக்களோடு கரையில் நிற்பது வழக்கம். இருவரும் பள்ளித் தோழர்கள். மோமோசே கேமரா கம்பெனி ஒன்றில் லென்ஸ் வடிவமைப்பாளர். உஷியாமா டயர் கடை நடத்திவந்தார். அவருடைய வலது தோள் பழுதுபட்டிருந்தது. தம் பழைய நீள லென்ஸைத் தூக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வார்.

அவருக்குச் செய்தித்தாளைவிட வதந்தித் தளங்களே முக்கியம். மோமோசேயின் கம்பெனி அடுத்து மிரர்லெஸ் என்ற, உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகையில் எந்தக் கேமராவைக் கொண்டுவரும், எந்த லென்ஸைக் கொண்டுவரும் என்று முகமறியாத பலர் அங்கே ஓயாமல் ஊகித்துக்கொண்டிருப்பார்கள்.

"டேய் மோமோசே, மாட்டிக்கிட்டியா!" பிப்ரவரியில் ஒருநாள் கைபேசியை நீட்டினார். "புதுக் காப்புரிமை விண்ணப்பம் வெளியாயிருக்கு. மிரர்லெஸ்ஸுக்கு நீள லென்ஸ், எடை பாதிதான். கண்டுபிடிச்சவன் பேரைப் படி."

மோமோசேயின் பெயர்தான் அது.

விண்ணப்பம் கொடுத்து ஒன்றரை ஆண்டு கழித்தே அது பொதுப் பார்வைக்கு வரும். அந்த இடைவெளியில் கம்பெனி அந்த லென்ஸைக் கைவிட்டிருந்தது. ஏழாண்டு உழைப்பு, ஒரு கூட்டத்தில், தேநீர் ஆறுவதற்குள் முடிந்துபோயிற்று. அவரிடம் வருத்தம் தெரிவிக்கக்கூட எவருக்கும் தோன்றவில்லை.

"வேலை விஷயம் பேசக் கூடாதுடா," என்றார் மோமோசே.

"பேசாதே, பேசாதே! வராதுன்னா வராதுன்னு சொல்லியிருப்பே. எனக்குத் தெரியாதா? தளத்துல உன்னை மேதைங்கறாங்க. இப்படி ஒரு வடிவமைப்பைப் பாத்ததே இல்லையாம். என் வீட்டுப்பாடத்தைக் காப்பியடிச்ச மேதை!"

மோமோசே சிரித்துவிட்டார். அந்த லென்ஸைப் பற்றி அவர் காதால் கேட்ட முதல் பாராட்டு அது.

"அறிவிப்பு வந்துட்டா பழசை ஒருத்தனும் சீந்த மாட்டான். இப்பவே வித்துடறேன், கேமராவையும் சேத்து. சரிதானே?"

வேண்டாம் என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. அதைச் சொன்னால் லென்ஸ் இரண்டாம் முறையும் செத்துப்போகும் என்று மோமோசேக்குத் தோன்றியது.

"உன் இஷ்டம்," என்றார், சிரிப்பு மாறாமல்.

நவம்பரில், வரும் ஆண்டுகளில் கொண்டுவரப்போகும் லென்ஸ்களைக் கம்பெனி அறிவித்தது. அவற்றில் நீள லென்ஸ் ஒன்றுகூட இல்லை. உஷியாமா விற்றுவிட்ட பழைய வகைக் கேமரா, லென்ஸ்களின் உற்பத்தியும் அன்றோடு நின்றது.

அன்னங்கள் வந்தன. உஷியாமா கைகளைக் கோட்டுப் பைகளுக்குள் விட்டபடி கரையில் நின்றிருந்தார்.

"எப்போ கைவிட்டாங்க?"

"நீ கேக்கறதுக்கு முன்னாடியே."

"அப்போ அன்னிக்கே உனக்குத் தெரியும்."

"வெளியே சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்டா."

"நான் சொல்லச் சொல்லலையே. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நின்னிருந்தாக்கூட ஏதோ சரியில்லைன்னு புரிஞ்சிருக்கும். சிரிச்சியே, அது எதுக்குடா?"

மோமோசே தம் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி நீட்டினார். "இதுல எடு. எடை கம்மி."

"உன் கம்பெனிச் சாமான் எனக்கு வேணாம்."

அப்போது அன்னங்கள் ஒருசேர எழும்பின. கரையில் நின்றவர்களின் புதிய கேமராக்கள் ஓசையின்றிப் படமெடுத்தன. உஷியாமா பழக்க தோஷத்தில் வலது தோளை உயர்த்திப் பல்லைக் கடித்தார். கையில் ஒன்றும் இல்லை என்பது உறைத்ததும் மெல்ல இறக்கிக்கொண்டார்.