அக்கரையிலிருந்து மூன்று முறை

அபூதாஹிருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எத்தனை ஊர் சுற்றி வந்தாலும், கிண்ணியாத் துறையின் எதிர்க்கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் அவர் உடனே இறங்குவதில்லை. கைப்பிடியில் பூட்டியிருந்த ஹோர்னின் றப்பர்க் குமிழை மூன்று முறை அழுத்துவார். அந்த முழக்கம் நீரைக் கடந்து ஊருக்குள் போகும். வீட்டில் மனைவி ரபீக்கா கேத்திலை அடுப்பில் ஏற்றுவாள். பாதை என்று ஊரார் அழைக்கும் மிதவையில் நிற்கும் அவளுடைய தம்பி லாபிர், கரைக்குக் கரை கட்டிய வடத்தைப் பற்றி இழுக்கத் தொடங்குவான். தான் கூவுவதால்தான் பொழுது விடிகிறது என்று நம்பிய சேவல் ஒன்று இருந்ததாம். கூவாத நாளிலும் பொழுது விடிந்ததை அதனிடம் சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை. அபூதாஹிரிடமும் எவரும் எதுவும் சொன்னதில்லை.

இம்முறை கருவாட்டு வியாபாரம் அவரைக் குருநாகல், கண்டி, மாத்தளை என்று இழுத்தடித்திருந்தது. கந்தளாய் தாண்டும்போது பிடித்த மழை சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளின் அருகில்தான் விட்டது. முதுகு விறைத்திருந்தது. அதைவிடப் புறப்பட்ட நாளின் காலை நெஞ்சுக்குள் கிடந்து அரித்தது. அன்று லாபிர் வாசலில் வந்து நின்றான். தன் மனைவி றம்ஸியாவுக்குக் கடுங்காய்ச்சல். பஸ்ஸில் கொண்டுபோக ஏலாது. டவுணுக்குப் போய் வாடகைக் கார் ஒன்றை அக்கரைக்கு அனுப்பிவிட்டால் போதும் என்றான். டவுண் ஒரு திசை, கந்தளாய் மறுதிசை. "காய்ச்சல்தானே, கொத்தமல்லி அவிச்சுக் குடு. சந்தைக்கு நேரம் போகுது" என்று சொல்லிவிட்டு அபூதாஹிர் வண்டியை உதைத்தார். இதற்குள் சுகமாகியிருப்பாள் என்று வழிநெடுகத் தமக்குத் தாமே ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். அவளுக்கென மாத்தளையில் வாங்கிய தோடம்பழங்கள் பெட்டியில் உருண்டன.

குமிழை மூன்று முறை அழுத்தினார். பாதை அசையவில்லை. மீண்டும் மூன்று முறை, சற்று எரிச்சலோடு. ஊர்க்கரையில் தென்னைகளுக்கு இடையே வெள்ளையாக ஏதோ வரிசை மெல்ல நகர்வது தெரிந்தது. மழை விட்ட மூட்டத்தில் இன்னதென்று விளங்கவில்லை.

நெடுநேரம் கழித்துப் பாதை வந்தது. வடத்தில் லாபிர் இல்லை. அவனோடு பாதை இழுக்கும் கிழவர் கலீலுர் றஹ்மான் தனியாக இழுத்து வந்தார்.

"ஏன் காக்கா இவ்வளவு சுணக்கம்? எங்க லாபிர்? நித்திரையா?"

கிழவர் சிரிக்கவில்லை. வண்டியைப் பாதையில் ஏற்றக் கை கொடுத்தார். பிறகு வடத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"றம்ஸியா மௌத்தாகிட்டா, தம்பி. விடியச் சாமம். நேத்துத்தான் கார் கிடைச்சுது; டவுணுக்குக் கொண்டுபோயும் சரிவரல்ல."

அபூதாஹிர் பெட்டியைப் பற்றிக்கொண்டார்.

"மையத்தைச் சந்தூக்கில வச்சுத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினம். அப்பதான் உங்கட ஹோர்ன் கேட்டிச்சு. ஒருக்கா இல்ல, ரெண்டு தரம். கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி."

"யா அல்லாஹ்... லாபிர் என்ன சொன்னான்?"

"தோளில சந்தூக்கு. திரும்பிக்கூடப் பார்க்கல்ல. 'மச்சான் வந்திட்டாரு, ஆராவது பாதையை விடுங்க' எண்டான். ஆரும் போகல்ல. நான் வந்தன். அந்தப் பிள்ளைக்கு ஒரு பிடி மண் போடவும் எனக்குக் கிடைக்கல்ல."

கிழவர் வடத்தை இழுக்கத் தொடங்கினார்.

கரை ஏறியதும் அபூதாஹிர் எஞ்சினை முடுக்கவில்லை. வண்டியை மையவாடிவரை உருட்டியே போனார். ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். புதுமண்ணின் அருகில் குந்தியிருந்த லாபிரிடம், "பொறுத்துக்கொள்ளு, மச்சான்" என்றார். லாபிர் கையிலிருந்த மண்ணைத் தட்டினான். "வீட்ட போங்க. ராத்தா கேத்தில் வச்சிருப்பா" என்றான். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். வீட்டிலோ அடுப்பு மூட்டப்படவே இல்லை. தலையில் போட்டிருந்த முந்தானையால் முகத்தை மூடியிருந்த ரபீக்கா அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் சுபஹ் தொழுகை முடிந்து துறைக்கு வந்த கலீலுர் றஹ்மான், பாதையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற அபூதாஹிரைக் கண்டு திகைத்தார்.

"எங்க பயணம்?"

"பயணமில்ல, காக்கா. லாபிர் எழும்பி வாறமட்டும் அவன்ட இடத்தில நான் இழுக்கிறன்."

"இது கருவாடு நிறுக்கிற கையில்லையா? ஏலாது, தம்பி. தோல் உரியும்."

"உரியட்டும்."

அக்கரையில் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. றம்ஸியாவின் உறவுப் பெண்கள் வெள்ளை உடுத்து இறங்கினார்கள். இங்கே பாதை கிடப்பது சாரதிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் ஹோர்னை அடித்தான்.

அபூதாஹிர் குனிந்து வடத்தைப் பற்றினார். இரவு மழையில் ஊறிய அந்தக் கயிறு கனமாக, குளிர்ந்து, அவர் உள்ளங்கைகளுக்குள் வந்துகொண்டே இருந்தது.