உயர வரிசை

ஊர்ச் சேவைச் சங்கத்துக்கு அந்த வருஷம் தலைவர் தேவைப்படவில்லை, நாற்காலிகள் தேவைப்பட்டன. விழாக்களுக்கு நாற்காலியும் மைக்கும் வாடகைக்கு விடுகிறவரைத் தலைவராக்கிவிட்டால் இரண்டும் சும்மா வந்துவிடும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். இது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் கழுத்தை நீட்டினார். ஐம்பத்தாறு வயதுவரை ஊரார் விழாக்களில் நாற்காலி போட்டுவிட்டு ஓரமாக நின்ற மனிதருக்கு, தான் போட்ட நாற்காலியில் தானே ஒருநாள் நடுவில் உட்கார வேண்டும் என்ற ஆசை இருக்காதா என்ன? கழுத்தில் தலைவர் பதக்கம் ஏறிய நாளிலிருந்து மீசைக்கு மை பூச ஆரம்பித்தார். மனைவியும் பதவிக்குரிய மரியாதை கொடுத்தாள். "தலைவரே, அந்தக் குப்பைய வெளிய கொண்டுபோய்ப் போடுங்க" என்றுதான் இப்போதெல்லாம் கூப்பிடுகிறாள்.

அந்த வருஷத்தின் பெரிய வேலை, பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பது. யோசனை செயலாளருடையது. அவர் கண்ணாடிக் கடைக்காரர். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள். முன்னூறு பிள்ளைகளைப் பரிசோதித்து, இருபத்து நான்கு பேருக்குக் கண்ணாடி வேண்டும் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொரு கண்ணாடியையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து, பட்டியலில் இருந்த எண்ணைத் தன் கையாலேயே எழுதிப் பெட்டி மேல் ஒட்டினார். இதுவரை ஒரு குறையும் இல்லை. தலைவர் இன்னும் தலையிடவில்லை அல்லவா?

பட்டியலில் கடைசி எண்ணான இருபத்து நான்கு ஒரு சிறுமி. அந்த இருபத்து நான்கு பேரில் அவள்தான் குள்ளம், எல்லாரும் கடுகு என்று கூப்பிடுவார்கள். இரண்டு வருஷமாக மக்கு என்று பெயர் எடுத்தவள். பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதச் சொன்னால் பாதியை விட்டுவிடுவாள், மீதியைத் தப்பாக எழுதுவாள். பரிசோதனையன்று எழுத்து அட்டையின் உச்சியில் இருந்த ஒற்றைப் பெரிய எழுத்தைத் தவிர அவளால் எதையும் படிக்க முடியவில்லை. அவளுடைய டீச்சர் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வருஷமா இந்தப் புள்ளையத் திட்டிட்டே இருந்திருக்கேனே சார்" என்றார். தலைவர் தன் கைக்குட்டையை எடுத்து அவரிடம் நீட்டினார். அன்றைக்கு அவர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். விழா நெருங்க நெருங்கத்தான் கெட்டுப்போனார்.

விழாவுக்கு முதல் நாள் பெட்டிகளைப் பார்வையிட்டார். கையெழுத்தில் எண் ஒட்டியிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்னய்யா இது, மருந்துக்கடைப் பொட்டலம் மாதிரி? படத்துல அசிங்கமா விழும். அது மேல நம்ம சங்கத்துச் சின்னத்த ஒட்டு."

"நம்பர் மறைஞ்சிடுமே தலைவரே."

"தட்டுல வரிசையாத்தான அடுக்கப்போற? பிள்ளைங்களும் அதே வரிசையில வரப்போறாங்க. அப்புறம் என்ன?"

சின்னம் ஒட்டப்பட்டது. அது போதாதென்று, தன் சொந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஒத்திகையும் நடத்தினார். கண்ணாடியைப் போட்டதும் "எப்படித் தெரியுது?" என்று அவர் கேட்பார், "தெளிவாத் தெரியுது ஐயா! நன்றி ஐயா!" என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். மூன்று தடவை சொல்ல வைத்தார். மூன்றாவது தடவை கூரை அதிர்ந்தது. ஒருவர் கண்ணிலும் அப்போது கண்ணாடி இல்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் போட்டோக்காரர் வந்து பிள்ளைகளின் வரிசையைப் பார்த்து முகம் சுளித்தார். நெட்டையும் குட்டையும் கலந்து நின்றால் படம் பல்லுப் போன சீப்பு மாதிரி இருக்கும் என்றார். "அப்ப உயரப்படி நிக்க வை" என்று தலைவர் மேடையிலிருந்தே உத்தரவு போட்டார். கடுகு முதலில் வந்து நின்றாள். தட்டிலிருந்த முதல் பெட்டி அவள் கைக்குப் போனது. இருபத்து நான்கு பெட்டிகளும் இருபத்து நான்கு கைகளுக்குப் போயின. செயலாளர் அந்த நேரம் சிறப்பு விருந்தினரின் காருக்கு இடம் பிடித்துக் கொண்டிருந்தார். "எப்படித் தெரியுது?" என்று கேட்டார் தலைவர். கூரை மறுபடி அதிர்ந்தது.

மூன்று வாரம் கழித்து அந்தப் படம் சட்டம் போட்டு வீட்டுக்கு வந்தது. வட்டாரத் தலைமைக்கு அது பிடித்துப்போய், சங்கப் பத்திரிகையின் அட்டையில் போடப்போவதாகவும், சனிக்கிழமை நடக்கும் கூட்டத்தில் சிறந்த சேவைக்கான கேடயம் தரப்போவதாகவும் சேதி வந்திருந்தது. தலைவர் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார், கிட்டப் போய்ப் பார்த்தார். எல்லாத் தடவையும் பார்த்தது தன் முகத்தைத்தான். மீசை நன்றாக விழுந்திருந்தது. மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

"ஏங்க, பின்னால நிக்கற இந்த ஒட்டகச்சிவிங்கிப் பையனுக்கு ரோஸ் கலர் கண்ணாடியா குடுத்தீங்க? காதுகூட எட்டல."

"எங்க?"

"இந்தக் குட்டிப் பொண்ணப் பாருங்க. கண்ணாடி மூக்கத் தாண்டி வாய்க்கு வந்திடுச்சு. அவங்கப்பாவுக்கு அளவெடுத்தீங்களா?"

தலைவர் மூக்கு படத்தில் இடிக்கக் குனிந்து, பிள்ளைகளின் முகங்களை முதல்முறையாகப் பார்த்தார். செயலாளருக்குப் போன் போட்டார். விழாவில் நடந்ததைச் செயலாளர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார்.

"உயரப்படி நிக்க வச்சீங்களா?" என்றார் செயலாளர் கடைசியில். "யார் சொல்லி?"

"அத விடு. இப்ப என்ன பண்றது?"

"சனிக்கிழமை கேடயம் வாங்கிடுவோம். திங்கக்கிழமை கமுக்கமா மாத்திடுவோம். நாலு நாள்ல என்ன ஆயிடப்போகுது?"

தலைவர் சரி என்றார். உடனே சரி என்றார், அதுதான் கொடுமை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோமே என்று ஒரு நிமிஷம் சங்கடப்பட்டார். அப்புறம் அந்தச் சோற்றையே இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டார். நன்றாகத் தூங்கவும் செய்தார்.

மறுநாள் காலை அதே பள்ளிக்கூடத்துக்கு எண்பது நாற்காலி இறக்க வேண்டியிருந்தது. மதியம் பெற்றோர் கூட்டமாம். வழக்கமாக ஆட்களை அனுப்பிவிடுவார். அன்றைக்கு ஏனோ தானே வண்டியில் ஏறிப் போனார். நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கடுகின் டீச்சர் வந்தார்.

"சார், நீங்க இவ்ளோ செஞ்சீங்க. ஆனா அந்தப் புள்ள விஷயத்துல நான்தான் தப்பா நினைச்சுட்டேன்."

"எந்தப் புள்ள?"

"கடுகுதான். கண்ணாடி போட்டும் பலகையில ஒரு வரி படிக்க மாட்டேங்கறா. முன்னைக்கு இப்ப இன்னும் மோசம். தெரியுதான்னு கேட்டா தெளிவாத் தெரியுதுங்கறா. அப்ப கோளாறு கண்ணுல இல்ல, மண்டையிலதான்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு. அவங்கம்மா மதியம் வர்றாங்க. ஒரு வகுப்பு கீழ இறக்கறதுக்குக் கையெழுத்து வாங்கணும்."

தலைவர் கையிலிருந்த நாற்காலியை விரித்து அதிலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளும் அந்தப் பிள்ளையை மக்கு என்று மற்றவர்கள் வெறும் வாயால் சொன்னார்கள். இவர் மேடை போட்டு, மைக் வைத்து, சிறப்பு விருந்தினர் முன்னிலையில் நிரூபித்துக் கொடுத்துவிட்டார். வெட்கம் காது மடல்வரை சுட்டது.

"டீச்சர், மக்கு அவ இல்ல. நான்" என்றார். பிறகு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். உயர வரிசையைச் சொல்லும்போது மட்டும் போட்டோக்காரர் மேல் பாதியைத் தள்ளிவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார்.

டீச்சர் இருபத்து நான்கு பிள்ளைகளையும் கண்ணாடிப் பெட்டியோடு தன் வகுப்பறைக்கு வரவழைத்தார். ஒட்டகச்சிவிங்கி தன் ரோஸ் கண்ணாடியைப் பையின் அடியிலிருந்து எடுத்தான். ஒரு நாள்கூடப் போடவில்லையாம். தலைவலி என்று சொன்ன நான்கு பேருக்கு, புதுசில் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்று ஆறுதல் சொல்லியிருந்தார்கள். தலைவர் பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, பெட்டிகளின் மேல் ஒட்டிய சின்னத்தை நகத்தால் சுரண்டினார். பசை அநியாயத்துக்கு நல்ல பசை. "இதுல மட்டும் தரத்தப் பாத்து வாங்கியிருக்கேன் பாரு" என்று தன்னையே வைதுகொண்டார். சின்னம் கிழியக் கிழிய, அடியிலிருந்து செயலாளரின் கையெழுத்து ஒவ்வோர் எண்ணாக வெளியே வந்தது.

நடுவில் செயலாளரே போன் பண்ணினார். பட்டியலைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார் தலைவர். "அப்படியே வட்டாரத் தலைமைக்குச் சொல்லிடு. அந்தப் படத்த அட்டையில போட வேண்டாம். கேடயமும் வேண்டாம்."

"என்ன காரணம்னு சொல்றது?"

"உள்ளதச் சொல்லு. என் பேரப் போட்டே சொல்லு."

இருபத்து நான்காம் எண் ஒட்டகச்சிவிங்கியின் பெட்டியிலிருந்து வந்தது. அந்த ரோஸ் கண்ணாடி கடுகினுடையது. தலைவர் அதைத் தன் சட்டை நுனியால் துடைத்து அவள் காதில் மாட்டினார். அளவு அச்சாகப் பொருந்தியது. அவள் பலகைப் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தவள் மூடவில்லை. யாரும் கேட்காமலே படிக்க ஆரம்பித்தாள். முதல் வரி, இரண்டாம் வரி, கடைசி வரி, ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த தேதி, நேற்று சரியாக அழிக்காமல் விட்ட பாதி வாக்கியம். டீச்சர் மேஜை மேல் வைத்திருந்த கையெழுத்துத் தாளை எடுத்து நான்காக மடித்தார்.

"அன்னைக்கு உனக்குத் தெரியலதான?" என்று கேட்டார் தலைவர்.

"தெரியல சார். எல்லாம் கலங்கலா இருந்துச்சு."

"அப்ப ஏம்மா தெளிவாத் தெரியுதுன்னு சொன்ன?"

"நீங்கதான சார் சொல்லச் சொன்னீங்க?"

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். தலைவர் நகத்தில் ஒட்டியிருந்த சங்கச் சின்னத்தின் துணுக்கை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"இப்ப நான் எதுவும் சொல்லித்தரல. உண்மையச் சொல்லு. என்னை நல்லாப் பாத்துச் சொல்லு, எப்படித் தெரியுது?"

கடுகு நெருங்கி வந்து அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று தலையைச் சாய்த்து இன்னொரு தரமும் பார்த்தாள்.

"மீசைக்கு மை பூசியிருக்கீங்க சார். இந்த ஓரத்துல சரியாப் படல, வெள்ளையாத் தெரியுது."

டீச்சர் பதறிப்போய் அவள் வாயைப் பொத்த வந்தார். தலைவர் கையை நீட்டித் தடுத்தார்.

"விடுங்க டீச்சர், சொல்லட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபக்கத்து மீசையையும் அவளுக்குத் திருப்பிக் காட்டினார்.