கையைத் தூக்கும் வழக்கம்

விடிகாலை ஐந்து மணிக்கே எங்கள் வேலை தொடங்கிவிடும். ரேணிகுண்டாவில் ஒரு டயர் பட்டறைக்கு மேல்மாடி. கீழேயிருந்து சூடான ரப்பர் நாற்றமும் ஜங்ஷனிலிருந்து ரயில் இரைச்சலும் ஜன்னல் வழியே ஏறி வரும். நான் மூன்றரைக்கு எழுந்து, பிச்சாட்டூரிலிருந்து பால் வேனில் தொற்றிக்கொண்டு வந்திருப்பேன். கம்ப்யூட்டர் வேலை என்றால் ஏசியில் காபி குடித்துக்கொண்டிருப்பது என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் எங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து பார்க்கட்டும். எட்டில் மூன்றுக்கு முதுகே கிடையாது.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். புத்தலப்பட்டில் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரி இருக்கிறது. அங்கே குளிர் அறைகள் அம்மோனியாவில் ஓடுகின்றன. வாயு கசிந்தால் சுவரில் இருக்கும் கருவி உடனே சர்வருக்கு ஒரு செய்தி அனுப்பும். ஐந்து விநாடிக்குள் சர்வர் சைரனை அலற வைக்க வேண்டும். அந்தச் செய்திக்கு ரிக்வெஸ்ட் என்று பெயர். அதே மாதிரி பொய் ரிக்வெஸ்ட்டுகளை நாங்கள் தயார் செய்து சர்வரைச் சோதிக்கிறோம். எந்த முகவரிக்குப் போக வேண்டும், எந்தச் சுவரில் எவ்வளவு வாயு, எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும், என்ன பதில் வந்தால் சரி என்று ஒவ்வொன்றாக நிரப்புவோம். பதில் சரியாக வந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு. காலை ஆறே முக்காலுக்கு எல்லா ரிக்வெஸ்ட்டும் தானாக ஓடி, ரிப்போர்ட் நேராக ஃபேக்டரிக்குப் போய்விடும். அது பச்சையாக இருந்தால்தான் ஏழு மணி ஷிப்டுக்கு ஆட்களை உள்ளே விடலாம்.

எங்கள் முதலாளி ஆதிகேசவன் அந்த டெஸ்டிங் மென்பொருளுக்கு வாங்கியது ஒரே ஒரு லைசென்ஸ். எட்டு பேருக்கும் ஒரே லாகின், அதுவும் மூத்தவளான தாட்சாயணி அக்காவின் பெயரில். இரண்டு பேர் ஒரே சமயத்தில் சேவ் செய்தால் முதலில் செய்தவருடைய வேலை அழிந்துபோகும். அதற்காக நாங்களே ஒரு வழக்கம் வைத்திருந்தோம். சேவ் செய்கிறவர் "சேவ்" என்று உரக்கச் சொல்வார். மற்ற ஏழு பேரும் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட வேண்டும். எல்லாக் கையும் மேலே போனபிறகுதான் அவர் பொத்தானை அழுத்துவார். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குப் போலீஸ் ரெய்டு போலத் தெரியும். நாங்களும் சிரித்துக்கொண்டேதான் தூக்குவோம்.

மாங்காய் சீசன் தொடங்கிய புதிதில் சிவப்பு சிவப்பாக வந்தது. நாலு சுவரிலுள்ள கருவிகளும் ஒன்றாகப் பேசினால் சர்வர் திணறியது. அப்போது ஒரு விடிகாலை முதலாளி போன் செய்தார். எடுத்தது நான்.

"மல்லிகா, சர்வர ரிப்பேர் பண்ணிகினு இருக்காங்க. ஒரு வாரத்துக்கு அட்ரஸ டம்மிக்கு மாத்திடு" என்றார்.

டம்மி என்பது நிஜ சர்வர் தயாராகாத நாட்களில் பழகுவதற்காக நாங்களே செய்துவைத்த ஒன்று. எதைக் கேட்டாலும் "சைரன் அடித்தது" என்று கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லும். நான் முகவரியை மாற்றினேன். "சேவ்" என்றேன். ஏழு ஜோடிக் கைகள் மேலே போயின. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வாரம் மூன்று வாரமாயிற்று. தினமும் பச்சை. பச்சையைப் பார்த்துச் சந்தேகப்படும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

போன திங்கட்கிழமை ஃபேக்டரியில் குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போய் அம்மோனியா கசிந்தது. சைரன் அடித்தது, நாற்பத்தொரு விநாடி கழித்து. அதற்குள் மாங்காய் நறுக்கும் மேசையருகே ஆறு பெண்கள் விழுந்துவிட்டார்கள். வசந்தா என்பவள் இன்னும் திருப்பதி ஆஸ்பத்திரியில் கண்ணில் கட்டோடு கிடக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் நின்று நறுக்கிக்கொண்டிருந்தவள் செங்கம்மா, தாட்சாயணி அக்காவின் அம்மா. கதவோரம் இருந்ததால் அவள் தப்பினாள்.

நாலு நாள் மூடிக் கிடந்த ஃபேக்டரி வெள்ளிக்கிழமை திறப்பதாக இருந்தது. வியாழன் மாலை ஆதிகேசவன் தாட்சாயணி அக்காவிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். முகவரி தவறாக மாறியது அக்காவின் கவனக்குறைவால்தான், வேறு யாருக்கும் இதில் பொறுப்பில்லை என்று அதில் எழுதியிருந்தது. அக்கா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவே இல்லை. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அக்கா தன் இடத்தில் உட்கார்ந்தாள். டம்மியை எடுத்துவிட்டு நிஜ சர்வரின் முகவரியைப் போட்டாள். "சேவ்" என்றாள். கைகள் மேலே போயின. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கையால் ஓட்டிப் பார்த்தோம். ஒரு சுவர் பேசினால் நாலு விநாடி, பச்சை. நாலு சுவர் ஒன்றாகப் பேசினால் சிவப்பு. பக்கத்தில் எண் வந்தது, நாற்பத்தொன்று. மறுபடி ஓட்டினோம். மறுபடி அதே நாற்பத்தொன்று. யாரும் எதையும் ரிப்பேர் செய்திருக்கவில்லை.

ஆறேகாலுக்கு அக்காவின் போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். பேசியது செங்கம்மா.

"தாட்சாயணி, ஃபேக்டரி கேட்டாண்ட வந்துட்டோம். சூப்பர்வைசர் பேரு கூப்ட்டுகினு இருக்கான். உள்ள போவலன்னா பேர அடிச்சிடுவானாம். உங்க கம்ப்யூட்டரு இன்னா சொல்லுது?"

"செவப்புமா. போவாத."

அந்தப் பக்கம் அவள் அதை மற்றப் பெண்களிடம் சொல்வது கேட்டது.

"அப்ப மூணு வாரமா பச்சன்னு சொன்னது?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். வாயைத் திறப்பதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஆதிகேசவன் நெற்றி நிறைய நாமத்தோடு வந்தார். திரையைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"யாரு அட்ரஸ மாத்த சொன்னது? இன்னிக்கி ஒரு நாள் டம்மில ஓடட்டும். ஞாயித்துக்கெழம சர்வர் சரியாயிடும், சரேனா?"

"ஞாயித்துக்கெழம வரைக்கும் குழாய் காத்துகினு இருக்குமா சார்?" என்றான் தேவேந்திரன். திருத்தணியிலிருந்து ரயிலில் வருகிறவன், அதிகம் பேசாதவன்.

"நீ சும்மா இரு. தாட்சாயணி, லெட்டர் எங்க? ஒவ்வொரு சேவ்லயும் உன் பேருதான் இருக்குது. நாளைக்கி போலீஸ் வந்தா அந்தப் பேரத்தான் கேப்பாங்க. கையெழுத்து போட்டா நான் பேசி முடிச்சிடுவேன்."

"அக்கா இல்ல சார், நான்தான் மாத்தினேன்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நீங்க போன்ல சொன்னீங்க."

"நானா? எப்ப சொன்னேன்? சாட்சி இருக்குதா?"

"அவ சேவ்னு சொன்னா, நான் கைய தூக்கினேன்" என்றான் தேவேந்திரன். "தூக்கினவங்க எல்லாரும் சாட்சிதான் சார். எங்களுக்கும் அதுல பங்கு இருக்குது."

பின்னாலிருந்து "நானும் தூக்கினேன்" என்று ஒரு குரல் வந்தது. அப்புறம் இன்னொன்று. கடைசியாக அக்காவும் மெல்லச் சொன்னாள், "நானும்தான்."

"ரயில் ஸ்டேஷன்ல நின்னு கைதட்டினா இந்த வேலைக்கு நூறு பேரு வருவாங்க."

"தட்டுங்க சார்" என்றாள் அக்கா. "வர்றவங்களுக்கும் நாப்பத்தொண்ணுதான் காட்டும்."

மணி ஆறு நாற்பது. அவர் அக்காவை எழச் சொன்னார். அவள் எழுந்தாள். அவரே உட்கார்ந்து, ஒற்றை விரலால் டம்மியின் முகவரியை அடித்தார். எங்கள் வழக்கம் அவருக்கும் தெரியும்.

"சேவ். கைய தூக்குங்க."

ஒரு கையும் மேலே போகவில்லை.

இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவர் பொத்தானை அழுத்தினார். அவர் அழுத்திய மறுகணம் தேவேந்திரன் நிஜ முகவரியைப் போட்டு அழுத்தினான். டம்மி போய்விட்டது. அவர் மறுபடி அடித்தார். நான் அழுத்தினேன். மூன்றாவது முறை யார் அழுத்தினார்கள் என்று எனக்கே தெரியாது. எங்களில் யாரையும் தனியாக லாகினிலிருந்து வெளியே தள்ள அவருக்கு வழியில்லை. எட்டு பேருக்கும் ஒரே லாகின் என்று மிச்சம் பிடித்தவர் அவர்தான்.

ஆறே முக்கால். ரிக்வெஸ்ட்டுகள் தானாக ஓடத் தொடங்கின. திரையில் வரிவரியாகச் சிவப்பு இறங்கியது. ரிப்போர்ட் போய்விட்டது. ஆதிகேசவன் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து யாரிடமோ தெலுங்கில் தாழ்ந்த குரலில் பேசினார். "அந்தர்னி" என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. எல்லாரையும் என்று அர்த்தம். பேசிக்கொண்டே வாசலுக்குப் போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். எட்டு திரையும் ஒன்றாக இருண்டன. மின்விசிறி ஓய்ந்து நின்றது. அவர் படியிறங்கிப் போனார்.

யாரும் எழவில்லை. அக்கா தன் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் "நாலு சுவர், நாற்பத்தொரு விநாடி" என்று எழுதி, தன் பெயரைப் போட்டு என்னிடம் நீட்டினாள். முகவரியை டம்மிக்கு மாற்றியது நான்தான் என்று எழுதி, என் பெயரைப் போட்டேன். திங்கட்கிழமைக்குப் பிறகு அன்றுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. தாள் மேசை மேசையாக நகர்ந்தது.

ஏழு மணிக்கு மறுபடி போன் வந்தது.

"ரிப்போர்ட்டு செவப்பாமே. ஆனாலும் உள்ள வாங்கன்றான். முகமூடி தர்றானாம்" என்றாள் செங்கம்மா. "இருநூறு பேரும் கேட்டாண்டயே உக்காந்துட்டோம். நீங்க இன்னா பண்றீங்க?"

கீழே பட்டறை வாசலில் ஒரு ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவுகள் திறந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட பூட்ஸ் கால்கள் படியேறத் தொடங்கின. நான் சுற்றிலும் பார்த்தேன். மின்சாரம் செத்த அந்த அறையில் எல்லாருடைய கைகளும் மறுபடி கீபோர்டின் மேல் வந்திருந்தன.

"நாங்களும் உக்காந்துகினுதான் இருக்கோம்மா" என்றாள் தாட்சாயணி அக்கா.