கறுத்த நாக்கு

செங்டு நகரத்து வைத்தியசாலையின் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்த ஷூலானுக்குப் பாதி உயிர் போய்விட்டது. நாக்கு கன்னங்கரேல் என்றிருந்தது. உடனே புருஷனுக்குப் போன் போட்டு அழுதாள்.

"கிழவா, நான் பிழைக்க மாட்டேன்யா! இலையுதிர் காலம் வந்தா நீ வைக்கிற பேரிக்காய் சூப்பை வாயில வைக்க முடியலைன்னு சும்மாதான் சொன்னேன். அது அமிர்தம்யா!"

வைத்தியர் பெங் இரண்டு கையிலும் நாடி பிடித்தார். நாக்கைப் பார்த்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"கறுப்பு எள்ளுக் கஞ்சி. இந்தக் காத்துக்கு உடம்பு வறண்டுடும், தினமும் குடின்னு நீங்கதானே சொன்னீங்க!"

"சொன்னேம்மா. அதுக்காக நாக்கைக் காட்ட வர்ற அன்னைக்குமா? போய்க் கொப்பளிங்க."

கொப்பளித்ததும் நாக்கு பழையபடி சிவந்தது. அப்பாடா என்று அவள் வெளியே வந்தபோது போன் அடித்தது.

"அழாதடி! ரெண்டு கூடை பேரிக்காய் வாங்கிட்டேன். பனி விழுற வரைக்கும் தினமும் உனக்கு அமிர்தம்தான்!"