லோசானாவின் சிவப்பு

1997ஆம் ஆண்டு பேதுரு திருநாளன்று மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, ப்ரெஸ்தோவோ ஊர்த் தேவாலயத்தின் வாசலில் மணக்கோலத்தில் நின்றுகொண்டிருந்த லோசானாவின் உடம்பிலிருந்து சிவப்பு நிறம் போய்விட்டது. வலி எதுவும் இல்லை. உதடு கறுத்தது, கன்னம் செம்பில் களிம்பு படிந்த நிறத்துக்கு வந்தது, அவளுடைய தாய் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து தைத்த சிவப்பு மேலங்கி அட்டைக் கறுப்பாயிற்று. பச்சையும் நீலமும் அவளிடம் அப்படியே இருந்தன. மேளக்காரர்கள் ஒரு தாளத்தைத் தவறவிட்டுப் பிறகு சேர்ந்துகொண்டார்கள். அன்று ஊரில் இன்னும் மூன்று கல்யாணங்கள் பாக்கி இருந்ததால் யாருக்கும் அதிக நேரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்க முடியவில்லை.

எங்கள் ஊர் ஆண்கள் வெளிநாட்டில் சுவர் எழுப்பவும் பூசவும் வர்ணம் அடிக்கவும் போகிறவர்கள். ஜூலை பன்னிரண்டாம் தேதி பேதுரு திருநாளுக்கு மட்டும் வருவார்கள். ஆகவே எல்லாக் கல்யாணமும் அந்த ஒரே நாளில் நடக்கும், மூன்று வாரம் கழித்து மாப்பிள்ளைகள் பஸ் ஏறுவார்கள், பெண்டாட்டிகள் மாமியாரோடு இருந்துகொள்வார்கள். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனவன் என்று இந்த ஊரில் ஒருத்தன் கிடையாது. கல்யாண வீடியோவைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். மாப்பிள்ளை குஸ்மான் மட்டும், வருகிற குளிர்காலத்துக்குள் லோசானாவைத் தான் வர்ணம் அடிக்கும் மால்மோ நகரத்துக்கு அழைத்துக்கொள்வதாகச் சபையறிய வாக்குக் கொடுத்திருந்தான். அந்த வாக்குக்காகவே அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். அதை அவள் மறைத்ததில்லை.

வீடியோ எடுத்தவர் ஸ்பாசே. அந்த வருஷம்தான் மூன்று சிப் கேமரா வாங்கியிருந்தார், அதன் பெருமையைப் பேசிப் பேசியே ஊரார் காதைத் துளைத்திருந்தார். உள்ளே ஒரு கண்ணாடிக் கட்டி வெளிச்சத்தை மூன்றாகப் பிரிக்கும், சிவப்பை ஒரு சிப்பும் பச்சையை ஒரு சிப்பும் நீலத்தை ஒரு சிப்பும் வாங்கிக்கொள்ளும், பிறகு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மனிதர் கிடைப்பார். அவருடைய பழைய ஒற்றைச் சிப் கேமரா அப்படியில்லை. அதில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை மட்டும் பார்க்கும், மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்துக்கொள்ளும். ஊகிக்கிற கேமரா ஊர்வம்பு பேசுகிறவளைப் போல, ஒன்று பார்த்தால் மூன்று சொல்லும் என்பார் ஸ்பாசே.

எது வெள்ளை என்று கேமராவுக்கு முதலில் ஒரு வெள்ளைப் பொருளைக் காட்டிப் பழக்க வேண்டும். அதை வைத்துத்தான் மற்ற நிறங்களை அது அளக்கும். மற்ற ஊர்களில் காகிதத்தைக் காட்டுவார்கள். எங்கள் ஊரில் கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை கல்லறைத் தோட்டத்துக்குப் போய், குடும்பத்துச் செத்தவர்களைப் பெயர் சொல்லி விருந்துக்கு அழைப்பது வழக்கம். ஸ்பாசே அங்கேயிருந்தே படம் பிடிக்க ஆரம்பித்தார். காகிதம் வண்டியில் இருந்தது. நடக்கச் சோம்பல்பட்டு, குஸ்மானுடைய அப்பாவின் சிலுவையில் கட்டியிருந்த வெள்ளைத் துண்டைக் காட்டிவிட்டார். செத்தவர்களின் வெள்ளையை வைத்து அன்று முழுக்கக் கேமரா உயிரோடிருப்பவர்களை அளந்தது. மாலைக்குள் சிவப்புச் சிப் அதைத் தாங்க முடியாமல், எதிரே நின்றவளின் சிவப்பைப் பிடித்துக்கொண்டு விட மறுத்துவிட்டது. பாதிரியார் முதல் பால்காரர் வரை எல்லோரும் ஒத்துக்கொண்ட விளக்கம் இதுதான், எனக்கும் இதைவிட நல்ல விளக்கம் தெரியாது.

குஸ்மான் முதல் மூன்று வாரமும் நல்லவனாகத்தான் இருந்தான். பஸ் ஏறும்போது, ஊர் மாறினால் நிறமும் திரும்பிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனான். போன பிறகு மாமியார் போசில்காதான் கஷ்டப்பட்டார். மருமகள் எந்தச் சிவப்பு ரவிக்கையைப் போட்டாலும் அவள் மேல் பட்டதும் அது கறுத்துவிடும். கிணற்றடியில் நாலு பேர் எதிரில், உசுரோட இருக்கிற எம்புள்ளைக்கு இப்பவே துக்கம் கொண்டாடறியாடி என்று ஒருநாள் கேட்டேவிட்டார். லோசானா மறுநாளிலிருந்து வெள்ளை உடுத்தினாள், அது பச்சை கலந்த நீலமாகத் தெரிந்தது. குளிர்காலத்துக்காக ஊரே குடமிளகாயைச் சுட்டு நறுக்கிச் சேமிக்கும் பருவத்தில் கத்தி பட்டுக் கையில் கறுப்பாக ரத்தம் வந்தபோது மட்டும், சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அந்த இலையுதிர் காலத்தில் ஸ்பாசே எடுத்த எல்லாப் படத்திலும் அவள் இருந்தாள். ஞானஸ்நானமோ, சாவு வீடோ, பன்றி அறுப்போ, எதை எடுத்தாலும் படச் சட்டத்தின் இடது ஓரத்தில், மணக்கோலத்தில், முழுக்கச் சிவப்பாக, மாப்பிள்ளை நின்றிருந்த பக்கம் பார்த்துச் சிரித்தபடி நின்றாள். அந்த டேப்புகள் வழக்கம்போல வெளிநாட்டுக்குப் போயின. மால்மோவில் எங்கள் ஊர்க்காரர்கள் ஆறு பேர் ஒரே வீட்டில் இருந்தார்கள். யார் வீட்டு டேப் வந்தாலும் குஸ்மான்தான் முதலில் போட்டுப் பார்த்தான். அடுத்தவன் அப்பாவின் சவ அடக்கத்தைப் பதினோரு தடவை பார்த்தான். குளிர்காலம் வந்தது, லோசானாவை அழைத்துக்கொள்ளும் விசாக் காகிதங்கள் வரவில்லை.

கணவன் தன்னை மறந்துவிடுவானோ என்று பயந்து லோசானா ஸ்பாசேயிடம் போனாள். அவர் பழைய ஒற்றைச் சிப் கேமராவைத் தூசி தட்டி எடுத்தார். பெண்கள் எட்டுப் பேர் சிவப்புப் பாவாடையும் சிவந்த கன்னமுமாக அவளை நெருக்கி நின்றார்கள். பக்கத்தில் இருந்ததைப் பார்த்து ஊகித்து, கேமரா அவளுக்கும் சிவப்பு கொடுத்தது. படம் அருமையாக வந்தது. அந்த எட்டுப் பேரும் ஒரு வாரம் வெளிறிப்போய்த் திரிந்தார்கள், ஒருத்தரும் குறை சொல்லவில்லை. ஆனால் குஸ்மான் வர்ணம் அடிக்கிறவன். இது அவளுடைய சிவப்பு இல்லை, தொன்கா அக்காவுடைய பாவாடைச் சிவப்பு என்று பதில் எழுதினான். அவன் சொன்னது சரிதான். கண்ணிருந்தும் குருடனாக இருப்பதற்கு ஆண்களுக்குத் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஸ்பாசே கேமராவைத் தலைநகருக்குக் கொண்டுபோனார். மூன்று சிப்பும் கண்ணாடிக் கட்டியோடு தொழிற்சாலையிலேயே ஒட்டப்பட்டவை, மயிரிழை விலகினாலும் விளிம்பில் நிறம் வழியும், ஒன்றை மட்டும் பிரித்து எடுக்க முடியாது என்று பழுது பார்ப்பவர் சொல்லிவிட்டார். ஆகவே மூன்றாம் வருஷம் வசந்தத்தில் லோசானா தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். தேவாலய வாசலில் கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, திரைப்பெட்டியை எதிரே வைத்து, அதில் தன் சிவப்பு நிற்கும் இடத்தில் போய்த் தானும் நின்றாள். மூன்றும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பினாள். ஒன்பது நாள் மதியங்களில் நின்றாள். தோளைச் சரிசெய்தால் இடுப்பு விலகியது, இடுப்பைச் சரிசெய்தால் கன்னம் விலகியது. அவள் இளைத்திருந்தாள். முதுகு லேசாக வளைந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சிவப்பு சிரித்துக்கொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் ஸ்பாசே கேமராவுக்குப் பின்னாலிருந்து, கொஞ்சம் சிரிச்சுப் பாரும்மா, பொருந்திடும் என்றார். அவள் முயன்றாள். வாய் எப்படியோ பொருந்தியது, கண்கள் பொருந்தவில்லை. கண்ணைச் சுற்றிச் சிவப்பு விளிம்பு கட்டி, அழுதவளுடைய கண்ணைப் போலத் தெரிந்தது. அவள் வீட்டுக்குப் போய்விட்டாள், அதற்குப் பிறகு வரவில்லை.

இடையில் இரண்டு திருநாளுக்கும் வராத குஸ்மான் அந்த ஜூலையில் வெளிநாட்டுக் காரில் வந்து இறங்கினான். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஸ்பாசேயிடம் போனான். காரை வைத்துக்கொண்டு கேமராவைக் கொடுங்கள் அண்ணே என்றான். ஸ்பாசே வெகுநேரம் வாதாடினார். பாவம் செய்தவன் நான், நீயும் சேர்ந்து செய்யாதே தம்பி என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் கார்ச் சாவியை வாங்கிக்கொண்டார், மனுஷன்தானே.

லோசானா பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவனை வாசலிலேயே நிறுத்தினாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்க."

"உன்னைத்தானே கூட்டிட்டுப் போறேன்" என்றான் அவன், பையைத் தொட்டுக்காட்டி. "நான் கட்டினவ இதுலதான் இருக்கா."

"அப்ப இங்க நிக்கிறவ?"

குஸ்மான் தன் செருப்பைப் பார்த்தான். "அம்மாவைப் பாத்துக்க ஆள் வேணும்ல" என்றான்.

மூன்று வாரத்தில் பஸ் ஏறினான். கேமராவை மடியில் வைத்து, ஜன்னல் பக்கம் அதற்கு வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு போனான் என்று உடன் போனவர்கள் சொன்னார்கள். மால்மோவில் அதை ஜன்னலைப் பார்த்து நிறுத்தி வைத்திருக்கிறானாம், திரையில் பனியும் தெருவிளக்கும் தெரிய, ஓரத்தில் அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாளாம். லோசானா இங்கேதான் இருக்கிறாள். போசில்காவை இறுதிவரை பார்த்து அடக்கம் செய்தாள். கேட்டால் தன் சிவப்பு எப்படி இருந்தது என்பதே மறந்துவிட்டது என்கிறாள். நான் அதை நம்பவில்லை.

பஸ் போன அன்று ஊர்ப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் தொன்காதான் பேசினாள், அவள் புருஷன் ஆஸ்திரேலியா போய்ப் பத்தொன்பது வருஷம். கிண்டலாகச் சொல்லவில்லை, தண்ணீர்க் குவளையை நீட்டியபடி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"உன்கிட்டருந்து மூணுல ஒரு பங்காவது அவன்கூடப் போச்சே, தாயி. என்கிட்டருந்து அந்த ஆளு ஒண்ணையும் கூட்டிட்டுப் போகலியே."

அடுத்த பேதுரு திருநாளுக்குள் ஸ்பாசே வேறொரு மூன்று சிப் கேமரா வாங்கியிருந்தார். அன்று மணமான மூன்று பெண்களும் தனித்தனியாக, மாமியார்களுக்குத் தெரியாமல் அவரிடம் வந்து, கேமராவைக் கொஞ்சம் அதிக நேரம் தங்கள் மேலேயே வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். எந்த நிறம் போனாலும் பரவாயில்லை என்றார்கள்.